கட்டை வரைக்கும் போன வெட்டு

என் அப்பாவுக்கு ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைத் துருவுவதில் ஒரு பைத்தியம். சுங்கைப்பட்டாணியில் தொழிற்சாலை வேலை முடிந்து பாக்கார் ஆராங் வீட்டுக்கு வந்தால், குளிக்கிறாரோ இல்லையோ, தலையணைப் பருமனுள்ள அகராதியைத் திறந்துவிடுவார். அம்மா மீன் வெட்டினால், மீனுக்கும் ஒரு கதை வரும், வெட்டுக்கும் ஒரு கதை வரும்.

என் பிறந்தநாளை ஒட்டி மெர்போக்கில் இருந்த அத்தை வீட்டுக்குக் காரில் போன அன்று, அவர் பிடித்துக்கொண்ட சொல் 'கார்வ்'. பழைய ஆங்கிலத்தில் வெட்டுவது என்றாலே அதுதானாம். மரத்தை வெட்டினாலும் அதுதான், மனிதனை வெட்டிச் சாய்த்தாலும் அதுதான். பிறகு 'கட்' என்று ஒன்று எங்கிருந்தோ வந்து அதன் வேலையையெல்லாம் பிடுங்கிக்கொண்டது. எங்கிருந்து வந்தது என்று படித்தவர்களுக்கே நிச்சயமில்லை. பழையதற்கு இறைச்சியை அரிவதும், கல்லிலும் மரத்திலும் செதுக்குவதும்தான் மிச்சம். கிரேக்கர்கள் எழுதுவதற்கு வைத்திருந்த சொல்கூட அதற்கு ஒன்றுவிட்ட உறவாம். இரண்டுக்கும் வேர், கீறுவதுதானாம். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தை, அப்பாவின் அக்கா. ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். நான் பிறந்த அதே மாதத்தில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ஒரே பிள்ளை. நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது வீட்டுக்குப் பின்னால் நின்ற ஒரு ரப்பர் மரத்தை மட்டும் அத்தை சாய்க்க விடவில்லை. அவன் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அவனை நிறுத்தி, உயரத்துக்கு வெட்டுப் போட்ட மரம் அது. அவன் போன பிறகு என்னை நிறுத்தினார். என்மேல் உள்ள பாசம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பால் வெட்டுகிறவர்கள் பட்டையை மட்டும்தான் சீவுவார்கள். கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டையில் பட்டால் மரத்தில் முண்டு விழும், அப்புறம் கங்காணி வாயில் விழ வேண்டியதுதான். அத்தையின் கை அப்படித் தவறியதே இல்லையாம். இந்த மரத்தில் மட்டும் வேண்டுமென்றே கட்டை வரைக்கும் அழுத்துவார். ஆறி மறைந்துவிடக் கூடாதே!

அன்றும் செருப்பைக் கழற்றச் சொல்லி, என் முடியை உள்ளங்கையால் அழுத்தினார்.

"எக்காம நில்லுடா." பெண்பிள்ளையான என்னை அந்த மரத்தடியில் மட்டும் அவர் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார்.

பட்டப்பகல். செம்பனை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. கத்தி பட்டையைக் கிழிக்கிற சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேட்டது. நெற்றியில் பால் ஒரு சொட்டு விழுந்தது. அத்தை அதை விரலால் தேய்த்துப் பொட்டாக்கினார். பிறகு என்னைப் பார்க்காமல், என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்து, "இனி பழைய சட்டை பத்தாதுல்ல?" என்று கேட்டார். பதில் கிடைத்த மாதிரித் தலையும் ஆட்டினார். என் பக்கத்தில் யாரும் இல்லை.

அப்பாவுக்கு நேரம் காலம் கிடையாது. மரத்தைத் தடவிக்கொண்டே தன் சொற்கதையை ஆரம்பித்துவிட்டார். அத்தை பொறுமையாகக் கேட்டார்.

"புதுசு வந்து அதோட வேலைய எடுத்துக்கிச்சு, சரி. பழசு செத்துப்போச்சா தம்பி?"

"சாகலக்கா. இருக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அம்மா பாய்ந்து வந்து என்னை இழுத்தார். பாதி காய்ந்து தோலை இழுத்துப் பிடித்திருந்த அந்தப் பொட்டைத் துப்பட்டாவால் தேய்த்தெடுத்தார்.

"போதும் லா அண்ணி! செத்த புள்ளைக்கு எம்புள்ளய அளவு வைக்காதீங்க. தொணைக்கு இவளக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டான்னா நான் எங்க போவேன்?"

அத்தை சண்டைக்கு வரவில்லை. "ஒரு வருசம் விட்டா, அவன் வளராம அப்படியே நின்னுருவாம்மா" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த பிறந்தநாளுக்கு நாங்கள் போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து அந்தத் தோட்டத்தில் ஒரு சாவுக்குப் போனபோது, யாருக்கும் தெரியாமல் மரத்தைப் பார்க்கப் போனேன். என் கடைசி வெட்டுக்கு மேலே புதிதாக ஒரு வெட்டு இருந்தது. வழிந்த பால் கறுத்துக் காய்ந்திருந்தது. மரத்தில் முதுகை ஒட்டி நின்று தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகவில்லை.

என்னை அங்கே யாரும் நிறுத்தவில்லை. அப்படியானால் யார் நின்றார்கள்? என்னோடு சமமாக, என் உயரத்துக்கு ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா திடுக்கிடவே இல்லை. திருநீறு பூசி, "பேசாம படு" என்றார். அம்மாவுக்கும் அவனைத் தெரிந்திருக்கிறது என்று நினைத்து இன்னும் பயந்தேன்.

அம்மா காலமான பிறகுதான் அப்பா சொன்னார். நாங்கள் போகாத அந்தப் பிறந்தநாளுக்கு முன், நான் தூங்கும்போது உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்து அளந்தவர் அம்மா. அதை வெற்றிலையில் மடித்து, அத்தைக்கு அப்பாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதற்குப் பின்னும், நான் வளர்வது நிற்கும்வரை, வருடந்தவறாமல் நூல் போயிருக்கிறது.

"நூலுக்கு உசுரில்ல. அத வச்சு வெட்டுப் போட்டுக்கட்டும். பாவம், அந்தப் புள்ள நடுவுல நின்னுற வேணாம்" என்றாராம் அம்மா.

அவனுக்கு அத்தனை பயந்த அம்மாதான் அவனை வளர்த்துக்கொண்டும் இருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.