கழுத்தில் விழுந்தால் மாலை

பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவள் நான். நஞ்சுக்கொடிக்குப் பாடப்புத்தகத்தில் தாய்சேய் இணைப்புத்திசு என்று கூட்ஸ் ரயில் நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டில் அதெல்லாம் கிடையாது, நஞ்சு, அவ்வளவுதான். பிள்ளைக்குச் சோறும் மூச்சும் கொடுத்து வளர்ப்பதற்கு விஷத்தின் பெயரை வைத்த மகராசன் யாரென்று தெரிந்தால் நாலு கேள்வி கேட்பேன். அதிலிருந்து பிள்ளையின் தொப்புளுக்கு வருவது கொடி. அதே கொடி பிள்ளையின் கழுத்தில் விழுந்துவிட்டால் மாலை. மாலை சுற்றிப் பிறக்கும் பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். என் மகள் வயிற்றில் இருந்தபோது இந்த மூன்றாவது பெயரோடுதான் எனக்குச் சண்டை.

ஒன்பதாம் மாத ஸ்கேனுக்கு அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தாள். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, கொடி கழுத்தை ஒரு சுற்று சுற்றியிருக்கிறது, நிறையப் பிள்ளைகளுக்கு அப்படி இருப்பதுதான், இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். அசைவு குறைந்தால் மட்டும் உடனே வந்துவிடச் சொன்னார். எனக்கும் திக்கென்றது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பாடம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா? வயிற்றுக்குள் பிள்ளை கழுத்து வழியாக மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய மூச்சே அந்தக் கொடிக்குள் ரத்தத்தோடுதான் வருகிறது. ரத்தக்குழாய்களைச் சுற்றி நுங்கு மாதிரி கொழகொழவென்று ஒன்று மெத்தை போட்டிருக்கும், லேசில் நசுங்காது. ஆட்டோவில் வரும்போது இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஒங்கண்ணனை வரவேண்டாம்னு சொல்லிருதேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்திருப்பேன். வயிறு விடவில்லை.

அண்ணன் கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். எனக்கு ஒரே அண்ணன். என் பிள்ளைக்குக் காது குத்துவது அவன் மடியில்தான் என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன். அவனும் மாலை சுற்றிப் பிறந்தவன்தான். அவன் பிறந்த வருஷமே எங்கள் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, லாரி மோதிப் போய்ச் சேர்ந்தார். லாரிக்காரன் குடித்திருந்தான் என்பது ஊருக்கே தெரியும். பழி மட்டும் தொட்டிலில் கிடந்தவன் மேல். மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, அவன் முகத்தை நேராகப் பார்க்கவே மாட்டாள். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோனால் நான் உள்ளே போவேன், அவன் தெருவிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அம்மா ஒருநாளும் அதைத் தட்டிக்கேட்டதில்லை. தம்பியைப் பறிகொடுத்தவள், இப்போது மகனையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று நடுங்கினாள். அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காக என் பிள்ளையும் ஒரு வீட்டுவாசலில் நிற்கவேண்டுமா? நடக்காது. அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டு, அம்மா சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அவன், பிறந்ததும் சொல்லு என்று வைத்துவிட்டான். வருகிறேன் என்று அவன் சொல்லாதது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு பகல்வேளையில் மகள் பிறந்தாள். தலை வந்ததும் டாக்டரம்மா கழுத்தில் கிடந்த கொடியை விரலால் நெம்பி, தலைக்கு மேலாகக் கழற்றிவிட்டார். அவ்வளவுதான் மாலை. இதற்கா இத்தனை பாடு என்று அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையை என் வயிற்றின் மேல் போட்டார்கள், கொடியை உடனே வெட்டவில்லை. தொட்டுப் பார்த்தேன். வெள்ளையும் நீலமுமாக முறுக்கிக்கொண்டு, வழுவழுவென்று, விரலுக்கடியில் துடித்தது. அது அவளுடைய இதயம் அடிக்கிற அடி. துடிப்பு அடங்கியபிறகுதான் கிளிப் போட்டு வெட்டினார்கள். நஞ்சு வந்ததும் காட்டச் சொன்னேன். நர்ஸம்மா அதைத் தட்டில் விரித்து, துண்டு எதுவும் உள்ளே தங்கிவிடவில்லையே என்று சரிபார்த்துக்கொண்டே காட்டினார். ஒரு பக்கம் ஈரல் மாதிரி சிவப்பு. மறுபக்கம் கொடி ஒட்டிய இடத்திலிருந்து ரத்தக்குழாய்கள் கிளைகிளையாக ஓடின. இதையா இத்தனை வருஷம் கரும்பலகையில் கோணல்மாணலாக வரைந்தேன் என்று இருந்தது. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் வார்டு வாசலில் வந்து நின்றான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். மாலை சுற்றிப் பிறந்த பிள்ளையின் முகத்தை மாமன் முதலில் நல்லெண்ணெயில் நிழலாகப் பார்க்கவேண்டும், பிறகுதான் நேரில். அதுதான் பரிகாரம். எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். அண்ணன் கையைக் காட்டி என்னை அடக்கினான்.

கிண்ணத்தை அவளிடமிருந்து வாங்கினான். உள்ளே பார்க்கவே இல்லை. எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, தீபாவளிக் குளியலுக்குத் தேய்க்கிறவன் மாதிரி தன் உச்சந்தலையில் பரபரவென்று தேய்த்துக்கொண்டான். கையைத் துண்டில் துடைத்துவிட்டு, என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கி, நேருக்கு நேராகப் பார்த்தான்.

"மாமன்டி," என்றான் அவளிடம். "நல்லாப் பாத்துக்கோ. நீ ஒண்ணும் செய்யல."

பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "நானும் ஒண்ணும் செய்யல."

அவனுக்கு நரை விழத் தொடங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அதை அவன் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பைய எழுந்து, அவன் தலையிலிருந்து கழுத்துக்கு வழிந்த எண்ணெயை முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்த பின்னும் கையை எடுக்கவில்லை.

"இல்லய்யா," என்றாள். "நீ ஒண்ணும் செய்யலய்யா."