பேரலை நாளில் மிசாவோ குளிக்கப் போனாள்

கடல் விலகினால்தான் அந்தக் குளம் கண்ணில் படும். ஏற்றத்தின்போது அதன்மேல் அலை புரண்டுகொண்டிருக்கும். வற்றம் வந்ததும் பாறைகளுக்கு நடுவே வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டு கிடக்கும். யாகுஷிமா தீவின் தென்கரை ஊர்க்காரர்களுக்கு நாட்காட்டியைவிட அந்த வற்றம்தான் முக்கியம்.

உடுத்திக்கொண்டு அதில் இறங்கக் கூடாது. ஆள் பாதி ஆடை பாதி என்ற பேச்சு அங்கே செல்லாது. எல்லாவற்றையும் கரையில் ஒரு கூடையில் போட்டுவிட்டு, சின்னக் கைத்துண்டு ஒன்றைத் தலையில் மடித்து வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குளம்தான். ஆனாலும் பெண்கள் கூடும் வேளையில் ஆண் எவனும் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டான். பயம்தான், வேறென்ன. அங்கே நடக்கிற பேச்சில் அடிபடாத ஆண்பிள்ளை ஊரில் கிடையாது.

மிசாவோ இருபத்திரண்டு வயதில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் அவளுடைய நாத்தனார் கினு, கூச்சத்தில் குறுகி நின்றவளைத் தரதரவென்று குளத்துக்கு இழுத்துப்போய், முதுகைத் தேய்த்துவிட்டாள். அன்றிலிருந்து முப்பத்தைந்து வருஷம் பகலெல்லாம் கானாங்கெளுத்தி மீனைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையில் வேலை, வேலை முடிந்தால் குளம். மாமியாரோடு போட்ட சண்டை, மகளின் காதல், கணவன் நொபோருவின் குடி எல்லாம் அந்த வெந்நீரில்தான் பேசித் தீர்ந்தன. அவளுக்கு ஊர் என்றால், ஆவிக்கு மேலே தெரியும் அந்த ஏழெட்டுத் தலைகள்தான்.

போன வசந்தத்தில் ககோஷிமா ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஊருக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லிவைத்தாள். நொபோருவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். உள்ளே துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டால் வெளியே வித்தியாசம் தெரியாது. குளத்தில் அது நடக்குமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், அங்கே ஒரு மச்சத்தைக்கூட மறைக்க முடியாது. அவர்கள் பார்ப்பார்களே என்று அவள் அஞ்சவில்லை. பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி கடலைப் பார்ப்பார்களே, அதற்குத்தான் அஞ்சினாள். அதற்குப் பிறகு கேலி இருக்காது, சண்டை இருக்காது, அவளிடம் எல்லாரும் பதமாகப் பேசுவார்கள்.

அதனால் சாக்குச் சொன்னாள். ஒரு நாள் சளி, ஒரு நாள் முட்டி வலி.

"என்னடி, வெந்நீர் கசக்குதா? கோடை முழுக்க வீட்டுக்குள்ளயே அடைகாக்குற" என்றாள் கினு.

"நாளைக்கு வர்றேன்க்கா."

"உன் நாளைக்கு எந்த மாசத்துலடி வருது?"

கோடை முடிகிற சமயம். தெற்கே எங்கேயோ புயல். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தாலும், கடல் மட்டும் தூரத்திலிருந்து மலை மலையாய் வந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட நாளில் குளத்துக்குப் போகக் கூடாது என்பது அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அலை ஓய்ந்து நீராடுவது எப்போது என்று கேட்பார்கள். மிசாவோ அலை எழுகிற நாளாகப் பார்த்துக் குளிக்கப் போனாள். அன்றைக்கு அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்களே!

தோள்வரை அமிழ்ந்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உடம்பு அந்தச் சூட்டை மறக்கவே இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் சலித்தது. பக்கத்தில் திரும்பி, "நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா" என்று தொடங்க ஒருத்தியும் இல்லாமல் அது வெறும் சுடுதண்ணீராக இருந்தது.

எழுந்து நின்று முகத்தைத் துடைத்தபோதுதான் அந்த அலை வந்தது. பாறையைக் கட்டிக்கொண்டு தப்பித்தாள். அலை வடிந்த பிறகு பார்த்தால் கூடை இல்லை. துணிமணி, செருப்பு, சுருட்டி வைத்த துணி எல்லாம் நுரையோடு போய்விட்டன. முகம் துடைத்த துண்டு மட்டும் கையில் மிஞ்சியது.

அந்தத் துண்டு ஒரு இடத்தைத்தான் மூடும். மிசாவோ யோசிக்கவே இல்லை. மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினாள்.

பாதித் தூரம் வந்திருப்பாள். பேரலை எழுந்ததால் பாதையை அடைக்கக் கையில் கயிற்றோடு எதிரே வந்தாள் கினு, கூடவே குளத்துக்கு வழக்கமாக வரும் இரண்டு பெண்கள். மூவரும் அப்படியே நின்றார்கள்.

"அடியே, எந்த ஊர்லடி மேல மூடிக்கிட்டுக் கீழ காத்தாட நடக்குறாங்க? துண்டை இறக்கிக் கட்டுடி!" என்று கத்தினாள் கினு.

மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! இப்போது ஓடிவிட்டால் அது இனி அவள் முதுகுக்குப் பின்னால்தான் கேட்கும் என்று மிசாவோவுக்குத் தோன்றியது.

"முடியாதுக்கா."

"ஏன், மேல என்ன புதையலா வெச்சிருக்க?"

"புதையல் இல்லக்கா. பள்ளம்தான் இருக்கு" என்று சொல்லித் துண்டை எடுத்துவிட்டாள்.

சிரிப்பு நின்றது. அவள் பயந்தபடியே ஒருத்தி மெல்லக் கடல் பக்கம் திரும்பினாள். மிசாவோவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"கடலை என்னத்தடி பாக்குற? அதான் என் துணியெல்லாம் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சே! என்னைப் பாரு!"

பார்த்தார்கள். கினுதான் ரொம்ப நேரம் பார்த்தாள், மீன் வாங்கும்போது பார்க்கிற மாதிரி, கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"வலிக்குதா?"

"குளிர் காத்து பட்டா இழுத்துப் பிடிக்கும்."

"அப்போ இத்தனை நாளும் வெந்நீருக்கு வராம எங்கடி போய்த் தொலைஞ்ச?" கினுவின் வசவு நிற்கவில்லை. திட்டிக்கொண்டே உடைக்கு மேலே இடுப்பில் கட்டியிருந்த முன்கச்சைத் துணியை அவிழ்த்து நீட்டினாள்.

மிசாவோ அதை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறினாள்.