எட்ஸ்மியர் ஒன்றுகூடல்

நகுலேஸ்வரனிடம் மட்டும் "ஊரிலை எவடம்?" என்று கேட்டுவிடக் கூடாது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டு தமிழர் சந்தித்தால் வேறு எதைத்தான் கேட்பது? நானும் கேட்டுத் தொலைத்தேன், அவர் எனக்கு மேல்வீட்டில் குடிவந்த அன்றைக்கே. படியில் மெத்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றவர், "எட்ஸ்மியர்" என்றார். நான் கரையூர்க்காரி. யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரியாத இடம் இருக்கிறதா என்று எனக்கே ரோசம் வந்துவிட்டது.

"அது எங்காலை தம்பி, தென்மராட்சிப் பக்கமோ?"

"இல்லையக்கா, சஸ்காச்சுவான்" என்று மெத்தையைப் படியில் சாய்த்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினார். மெத்தைக்கு அந்தப் பக்கம் நின்ற அவருடைய மனிசி சிவநேசம், "தொடங்கிட்டார்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

பிறந்தது கைதடிதான். எண்பத்தைந்தில் அகதியாக வந்தபோது ஒரு தேவாலயத்துச் சனம் பொறுப்பேற்று அவரையும் மனிசியையும் கைக்குழந்தை வினோஜாவையும் கனடாவின் மேற்குச் சமவெளியில் இருந்த அந்தக் கண்டறியாத ஊருக்குக் கூட்டிப் போயிருக்கிறது. மரமில்லை, மலையில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை. ரயில்பாதை போட வந்தவர்கள் 1909இல் உண்டாக்கிய ஊராம். உக்ரேனியரும் நோர்வேக்காரரும் வந்து காணி பிடித்து, ஒரு காலத்தில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்களாம். இரண்டு ஹோட்டல், மூன்று கோயில், ஒரு சீனரின் சாப்பாட்டுக் கடை. பிறகு மழை பொய்த்த வருடங்கள். அதற்குப் பிறகு பெரிய உழவு இயந்திரங்கள் வந்து, பத்துப் பேர் செய்த வேலையை ஒருவரே செய்யலாம் என்று ஆனதும், இளசுகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இவர்கள் போய் இறங்கியபோது மிச்சம் எண்பத்தொரு பேர்.

"இளையவன் ஆரூரன் அங்கைதான் பிறந்தவன் அக்கா. எங்கட நாலு பேரோட எண்பத்தைஞ்சு பேர்" என்பார் நகுலேஸ். அந்த எண்பத்தைந்தைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை. நான் என்ன சொல்ல? எங்கள் கரையூரில் ஒரு ஒழுங்கைக்குள்ளேயே அவ்வளவு சனம் இருக்கும்.

சிவநேசம் சொல்லும் கதை வேறு. "எட்டு வருசம், அக்கா. தமிழிலை கதைக்க ஒரு பொம்பிளை இல்லை. காத்து மட்டும்தான் என்னோட கதைச்சது. கடைசியிலை நான் யன்னலடியிலை நிண்டு அழுதே காலம் போச்சு. அந்தச் சனத்துக்கு என்ன விளங்கும்? வருங்கள், பைபிளைப் பற்றிக் கதைக்குங்கள், இனிப்புப் பலகாரத்தைத் தந்திட்டுப் போகுங்கள்." அவளுடைய தொல்லை தாங்காமல்தான் தொண்ணூற்றுமூன்றில் மொன்றியலுக்கு வந்தார்கள். வந்த கிழமையே அவளுக்குக் கோயில், சீட்டுக் கூட்டாளிகள், தொலைபேசியில் மணிக்கணக்காய்க் கதைக்கப் பத்துப் பேர். முகம் பூரித்துப் போயிற்று.

மனிதன்தான் வாடிப்போனார். அங்கே கோதுமைக் களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டு, பள்ளிக்கூட பஸ்ஸும் ஓட்டியவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினார். பிரெஞ்சு வராது. எட்ஸ்மியரில் எதிரே வாகனம் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது வழக்கமாம். தெரிந்தவர், தெரியாதவர் என்றில்லை. இவர் ஜோன்-தலோன் தெருவில் நடந்து போகும்போது வருகிற காருக்கெல்லாம் விரல் தூக்குவார். ஒருநாள் டாக்சிக்காரன் நிறுத்தி, ஏறாததற்குப் பிரெஞ்சில் ஏசிவிட்டுப் போனான். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இவ்வளவு சனத்துக்கை இருந்தும் ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது, அக்கா" என்றார். மாதாவே, ஏன் சிரித்தேன் என்றாகிவிட்டது.

கோடை வந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒன்றுகூடல் பைத்தியம் பிடிக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்கம், ஒரு பூங்கா, ஒரு கொத்துரொட்டிச் சட்டி. கைதடிச் சங்கம் நகுலேஸையும் கூப்பிட்டது. போய் ஒரு மூலையில் இருந்துவிட்டு வந்தவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அக்கா, எங்கட ஊருக்கும் ஒண்டு வைப்பம்."

"எந்தக் கோதாரி ஊர்?" என்றேன், தெரிந்துகொண்டே.

விசயம் இதுதான். எட்ஸ்மியரில் பல காலம் ஊர்ச்சபைக் காரியதரிசியாக இருந்த அக்னெஸ் என்ற அம்மா, மொன்றியலுக்குப் பக்கத்திலே கர்க்லாண்டில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாராம். ஒட்டாவாவில் ஒரு குடும்பம், புரோசார்டில் ஒரு குடும்பம், கோர்ன்வாலில் ஒரு தம்பதி. வயது போனதுகள், பிள்ளைகளோடு இருக்க வந்திருக்குங்கள் என்று இவர் எண்ணம். அறுவடை முடிந்ததும் ஊரே கூடி வான்கோழி சாப்பிடுவது அங்கே வழக்கமாம். அதை இங்கே வைப்பதாம். ஆனால் சாப்பாட்டுக்குப் பின்னால் வேறு திட்டம் இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சிவநேசத்துக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நான் திரும்பிப் போகப்போறன். வேலை இருக்கோ, எங்கட பழைய வீடு சும்மா கிடக்கோ எண்டு அக்னெசிட்டைக் கேட்டுப்போட்டு, வாற வசந்தத்தோட."

"மனிசி வராட்டி?"

"தனியப் போவன்" என்றார். அவருடைய கண்ணைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. விளையாட்டாய்ச் சொல்லவில்லை.

ஏன் போனிலேயே கேட்கவில்லை என்றேன். அக்னெசுக்குப் போனில் காது சரியாய்க் கேட்காதாம். மற்றவர்களிடம் கேட்டால் காற்று, பனி, மழை என்று காலநிலையைத்தான் சொல்வார்களாம். "அந்தச் சனம் அப்பிடித்தான்."

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் தெருத் தேவாலயத்து நிலக்கீழ் மண்டபம். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹென்றி கதவைத் திறந்துவிட்டுப் போனார். வான்கோழியை வெறுமனே ஓவனில் வாட்டினால் போதும் என்றார் நகுலேஸ். வெள்ளைச் சாப்பாடு என் கையால் வராது. ஒன்றை அவர் சொன்னபடி வாட்டினேன், மற்றதை வறுத்த தூள் போட்டுப் பிரட்டல் கறியாக்கினேன். நாற்பது பேருக்குச் சாப்பாடு! "எல்லாரும் வரப் பாக்கிறம் எண்டவை" என்றார். ஐயோ, 'பாப்பம்' என்றால் வரமாட்டோம் என்று எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியுமே. ஆசை பிடித்தவருக்குத் தெரியவில்லை.

தமிழ்க் கடைகளிலும் அறிவித்தல் ஒட்டியிருந்தார், முறைப்படி. அதைப் பார்த்துவிட்டு இரண்டு கிழவர்கள் வந்து, "எட்ஸ்மியர் எண்டது வடமராட்சியோ?" என்று கேட்டு, பிரட்டல் கறியை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார்கள். வேறு யாரும் வரவில்லை. வினோஜாவும் ஆரூரனும் ஒரு மூலையில் பிரெஞ்சில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். நகுலேஸ் கழுத்துப்பட்டி கட்டி, வாசலைப் பார்த்தபடி நின்றார். வெறுங் கதிரைகளைப் பார்க்கப் பொறுக்காமல் நான் சட்டிகளை மூடி வைத்தேன். சிவநேசம்கூட அன்றைக்கு அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சாப்பாடு ஆறிய பிறகு அக்னெஸ் வந்தார். மகள் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். நெட்டையான அம்மா, கையில் கைத்தடி. நகுலேஸ் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். "நக்!" என்று பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டார் அக்னெஸ். மூன்று வருடத்தில் அந்த மனிதன் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

சாப்பிட்டோம். அக்னெஸ் மெதுவாக, நிறுத்தி நிறுத்தித்தான் ஆங்கிலம் பேசினார். தையல் தொழிற்சாலையில் நான் பொறுக்கிய ஆங்கிலத்துக்கே விளங்கியது. நகுலேஸ் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார், மனிசி பக்கத்தில் இருப்பதையும் மறந்து. "எங்கள் பழைய வீடு சும்மாதானே கிடக்கிறது? எனக்குத் திரும்பி வரவேண்டும்."

சிவநேசத்தின் முகம் வெளுத்துப் போயிற்று.

அக்னெஸ் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "வருவதற்கு ஊர் இல்லை, நக். களஞ்சியத்தை இடித்துவிட்டார்கள். தபால்கந்தோரும் கடையும் மூடியாயிற்று. இந்த வசந்தத்தில் ஊர்ச்சபையைக் கலைத்துக் கையெழுத்துப் போட்டோம். இப்போது அங்கே ஆறு பேர்."

"மூன்று வருசத்தில் எப்படி?"

"பள்ளிக்கூடம் மூடினார்கள். பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகள் உள்ள வீடெல்லாம் போகும், உனக்குத் தெரியும்."

"ஏன் மூடினார்கள்?"

அக்னெஸ் மூலையில் இருந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். "பத்துப் பிள்ளைகள் இருந்தால்தான் நடத்துவோம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். உன் இரண்டோடு பதினொன்று இருந்தது."

நகுலேசின் வாய் திறந்தபடி இருந்தது. "எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்றார். கோபமா அழுகையா என்று தெரியாத ஒரு குரல்.

"சொன்னால் நீ போயிருக்க மாட்டாய். நீங்கள் புறப்படப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் கூட்டம் வைத்தோம். சொல்வதா, விடுவதா என்று. சிலர் சொல்லத்தான் வேண்டும் என்றார்கள். பிறகு யாரோ எழும்பி, அந்தப் பெண் யன்னலில் நின்று அழுவதைத் தினம் பார்க்கிறோமே என்றார். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. சொல்வதில்லை என்று கை தூக்கினோம்."

"கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்?"

"எல்லோரும்" என்றார் அக்னெஸ். "உங்கள் வீட்டு நாலு பேரைத் தவிர, எல்லோரும்."

நகுலேஸ் மேசையில் முகத்தைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதார். பிள்ளைகள் பயந்து எழும்பிவிட்டார்கள். சிவநேசம் அக்னெசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அக்கா, அந்தச் சனத்தை நான் எவ்வளவு திட்டியிருப்பன்" என்றாள். "எனக்கு இந்த மனிசியின்ர பேரைத் தவிர வேற ஒருத்தற்றை பேரும் தெரியாது, அக்கா."