கரை எடுப்பதில் அனுபவம்

என் நாத்தனாரோடு ஒரே ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்து பாருங்கள், அப்புறம் என்னைக் கோபக்காரி என்று சொல்லுங்கள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்தவர் ஏதோ துக்க சமாச்சாரம் சொல்லிக்கொண்டிருப்பார். இவள் அவர் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது டீயா, மையா?" என்று கேட்பாள். ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் கறை எடுக்கிற வேலை அவளுக்கு. இருபது வருஷமாக அதே மேஜை. வெள்ளை விரிப்பில் வேறு யார் கண்ணுக்கும் படாத புள்ளி இவள் கண்ணுக்குப் பட்டுவிடும் என்பதால் அங்கே அவளுக்குப் 'புள்ளி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

வேலையில் கெட்டிக்காரிதான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. மை, துரு, ரத்தம், உதட்டுச் சாயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புட்டி, ஒரு பிரஷ் வைத்திருப்பாள். ஆனால் அந்தப் புட்டிகளின் நெடி நெஞ்சைப் பிடித்துவிட்டது. இப்போதெல்லாம் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். "இந்த வேலைய விடும்மா, இல்லேன்னா என்கிட்ட வராதே" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். விட்டுவிட்டு என்ன செய்வது? அப்போதுதான் மருத்துவமனைச் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டால் போதும், புட்டியைத் தொட வேண்டாம். ஆனால் வயது வரம்பு உண்டு. அடுத்த மாதம் இவள் அதைத் தாண்டிவிடுவாள். இதை விட்டால் வேறு கிடையாது. "நம்ம புள்ளி பெரும்புள்ளி ஆகப்போறா" என்று என் வீட்டுக்காரர் தங்கையைப் பார்த்துக் குதித்தார்.

விண்ணப்பத்தை அவளே எழுதினாள். எங்கள் இருவரையும் கிட்டவே சேர்க்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். சாயங்காலம் பார்த்தால், நகலைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறாள்.

"அண்ணி, மானம் போச்சு."

"என்னடி ஆச்சு?"

"கறைன்னு எழுதறதுக்குச் சின்ன ர போட்டுட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். 'கரை எடுப்பதில் இருபது வருட அனுபவம்' என்று மணி மணியான கையெழுத்தில் எழுதியிருந்தது. துணியின் கரையைக் கிழித்து எடுக்கிறவள் என்றுதான் அர்த்தம் வருகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. போதாததற்கு, வேலையில் சேர்ந்த மாதம் ஜூலை, அதை ஜூன் என்று வேறு எழுதியிருந்தாள்.

"சலவைக்கு ஆள் எடுக்கறவங்களுக்கு நீ என்ன சொல்றேன்னு புரியாதா? ஒருத்தரும் கவனிக்கமாட்டாங்க. விட்டுடு."

"நான் கவனிச்சுட்டேனே அண்ணி."

அவள் அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். "திருத்திக் குடுத்தா பொறுப்பான ஆளுன்னுதான் நினைப்பாங்க" என்று பற்றவைத்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். பற்றவைப்பதோடு அவர் வேலை முடிந்தது, அணைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

"ரொம்ப தேய்ச்சா துணியே போயிடும்னு நீதானே சொல்லுவே? இதையும் அப்படி நினைச்சுக்கோ."

"அது யாரோட துணியோ. இது என் பேரு. மத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கற வேலைக்குப் போறவ, தன் தப்பையே விட்டுட்டுப் போவாளா?"

கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். மிரட்டினேன். கெஞ்சினேன். மறுநாள் காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே மருத்துவமனைக்குப் போன் போட்டுவிட்டாள். நானும் கேட்டுத் தொலைக்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டாள்.

"ஐயா, என் விண்ணப்பத்துல கரை எடுக்கறதுல அனுபவம்னு எழுதிட்டேன். அது தப்புங்க."

"எதும்மா தப்பு?" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

"கரைங்க. கரை எடுக்கறதுல எனக்கு அனுபவம் இல்லைங்க. கறை எடுக்கறதுலதான் இருக்கு."

"ரெண்டையும் ஒண்ணாத்தானேம்மா சொல்றீங்க?"

"இல்லைங்க, அது சின்ன ர. இது பெரிய ற."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது, அடித்தும் கொண்டேன்.

"இப்ப அனுபவம் இருக்கா, இல்லையா?"

"கரையில இல்லைங்க."

"சரி, குறிச்சுக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

புள்ளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் தேறிவிட்டவள்போல ஒரு சிரிப்பு. அடுத்த நிமிஷமே, "ஐயோ, ஜூன் மாசத்தைச் சொல்ல மறந்துட்டேனே" என்று மறுபடி போனை எடுத்தாள். நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.

நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலை மருத்துவமனைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் இருவரும் போனோம். அவள் பெயர் இல்லை. மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். இருந்தால்தானே தெரியும்! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, அதே எழுத்தர்தான். கட்டைப் பிரித்து அவள் விண்ணப்பத்தை எடுத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தள்ளினார். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'கறை எடுப்பதில் அனுபவம் இல்லை என விண்ணப்பதாரரே தொலைபேசியில் தெரிவித்தார்.'

"நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றார் அவர்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியவில்லை. "இருபது வருஷமா நெஞ்சைக் கெடுத்துக்கிட்டுக் கறை எடுக்கறவ, தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு போன் பண்ணிச் சொல்லுவாளா? எனக்கு வேலை வேண்டாம்னு சொல்றதுக்கு யாராவது மெனக்கெட்டு விண்ணப்பம் போடுவாங்களா?" வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்து, நடந்ததைக் கேட்டார். எழுத்தரை ஒரு முறை பார்த்தார், புள்ளியை ஒரு முறை பார்த்தார். "பட்டியல் இன்னும் மேலிடத்துக்குப் போகலை. இப்பவே அவங்க கையால ஒரு மனு எழுதித் தரட்டும், சேர்த்துக்கறேன். நான் மீட்டிங்குக்குக் கிளம்பறதுக்குள்ள வேணும்" என்றார்.

ஒரு தாளும் பேனாவும் கிடைத்தன. எழுத வேண்டியவள் எழுதவில்லை. அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி பாக்கறே? எழுது."

பேனாவை என்னிடம் நீட்டினாள். "விடுங்க அண்ணி. அவர் எழுதினதுல ஒரு தப்பும் இல்லை. பெரிய ற கூடச் சரியாப் போட்டிருக்கார்."

எத்தனை வருஷமாக 'விடு, விடு' என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்! அப்போதெல்லாம் விடாதவளுக்கு இப்போதுதானா விடத் தோன்ற வேண்டும்? இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பினால், அவள் தாளையும் என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள். "நான் எழுதினா மறுபடியும் எதாவது தப்பாயிடும்" என்று மெல்ல முணுமுணுத்தாள். எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. இந்த நாற்காலி கிடைக்காவிட்டால் அந்தப் புட்டிகளுக்கு நடுவிலேயே மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்துவிடுவாள். இவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பேனாவை அவள் விரல்களுக்குள் திணித்தேன். "எழுதுடி. தப்பும் தவறுமா எழுது. நான் இருக்கேன்."

கவுண்டர் பலகையிலேயே தாளை வைத்து எழுதினாள். நாலைந்து வரிதான். கையெழுத்துப் போட்டாள், தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துடறேன்."

மை காய்வதற்குள் அதைப் பிடுங்கிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதிகாரி அம்மாள் படித்தார், ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். "நாளைக்குக் காலையில நேர்முகத்துக்கு வரச் சொல்லுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் புள்ளி நுனிக்காலில் எக்கி, கண்ணாடி வழியாக அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அதுல தேதி..."

அவள் வாயைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.