சரியான பாஸ்வேர்ட்

பாஸ்வேர்ட் எடுக்கவில்லை என்று யாராவது வந்து நின்றால் சகாயராஜ் முதலில் சொல்வது ஒன்றுதான்: "உங்க மேல தப்பு இருக்காதுங்க, நான் பார்க்கறேன்." விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் அவனை இதற்காகவே எல்லோரும் தங்கமான பிள்ளை என்கிறார்கள். தங்கமாவது ஒன்றாவது. 2007-ல் ஒரு காலையில் அவன் செய்த காரியம் தெரிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்கிப் படிக்க வைத்த பிள்ளை. டிப்ளமோ முடித்து வேலையில்லாமல் கிடந்தவனை, அவன் போகும் அதே கிறிஸ்தவப் பங்குக் கோயிலுக்கு வரும் அமலாதான் அழைத்துப்போய் முதலாளி சுப்பராயலு முன்னால் நிறுத்தினாள். வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனி. சர்வரும் பெரிய ஆபீசும் விழுப்புரத்தில். திண்டிவனத்தில் ஒரு மாடியில் சின்னக் கிளை. கிளையிலிருந்த பெண்களுக்கெல்லாம் அமலாதான் மூத்தவள். "பையனுக்கு நான் ஜவாப்தாரிங்க" என்று அவள் சொன்ன ஒரு வார்த்தைக்குத்தான் அவனுக்கு இரண்டு ஊர்க் கம்ப்யூட்டர்களையும் கவனிக்கும் வேலை கிடைத்தது.

கிளைப் பெண்கள் விழுப்புரத்து சர்வருக்குள் தூரத்திலிருந்தே நுழைந்து வேலை பார்ப்பது எஸ்எஸ்ஹெச் வழியாக. முடித்த பக்கங்களை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் வைத்து எடுப்பது சாம்பா வழியாக. இரண்டுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்ட். ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்து தினமும் பேஜாரு. சகாயராஜ் தட்டுத் தடுமாறி 'பாம்' என்ற ஏற்பாட்டைக் கற்றுக்கொண்டான். ஒவ்வொரு மென்பொருளும் வருகிற ஆளைத் தன் பங்குக்கு விசாரிக்காமல், எல்லா வாசலுக்கும் பொதுவாக ஒரு காவலாளை நிறுத்துவது போன்றது அது. அந்தக் காவலாள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரி வரியாக எழுதிக் கொடுத்துவிடலாம். இரண்டு வாசலையும் அதனோடு இணைத்து ஒரே பாஸ்வேர்டாக ஆக்கினான். அமலாவுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கினா போதும்டா சாமி" என்று அன்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள்.

அதில் ஒரு சூட்சுமம் அவனுக்கு மிகவும் பிடிக்கும். இன்னாரை உள்ளே விடாதே என்று பெயரை எழுதி வைத்தாலும், அந்த ஆளை அது எடுத்த எடுப்பில் துரத்தாது. மரியாதையாகப் பாஸ்வேர்ட் கேட்கும், வாங்கிக்கொள்ளும், அப்புறம் தவறு என்று சொல்லும். சரியாக அடித்தாலும் தவறு என்றுதான் சொல்லும். எதனால் தடுக்கப்பட்டோம் என்று திருடனுக்குத் தெரியக் கூடாதாம். இதை சுப்பராயலுவிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டதும் அவனேதான்.

ஒருநாள் சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"அமலா பாண்டிச்சேரிக் கம்பெனிக்குப் போறாளாம்ப்பா. நம்ம ஃபைலுங்களை வாரிக்கினு போயிட்டா இன்னா பண்றது? நீ சொன்னியே, அதுல அவ பேரைப் போட்டுடு. காலையில நானே வந்து அவளை வேலைய விட்டு அனுப்பிடறேன். அதுவரைக்கும் நீ கிளையில இரு. அவகிட்ட மூச்சு விடாத."

அக்கா அப்படிப்பட்டவங்க இல்லிங்க என்று தொண்டை வரைக்கும் வந்தது. வாயில் வந்தது "சரிங்க" மட்டும்தான். அமலாவிடம் அதில் உண்மை உண்டா என்று யாரும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. பெயரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் அமலா பையை மாட்டிவிட்டு உட்கார்ந்து பாஸ்வேர்ட் அடித்தாள். தவறு என்றது. மறுபடியும் அடித்தாள். அதே பதில்.

"சகாயம், இன்னான்னு பாருடா. எடுக்கல."

எழுந்து வந்தான். கேப்ஸ் லாக்கைப் பார்த்தான். கீபோர்டு வயரைப் பிடுங்கிச் சொருகினான். ஒன்றும் இருக்காது என்று தெரிந்துகொண்டே குனிந்து மேஜைக்கு அடியிலெல்லாம் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "இன்னொரு வாட்டி நிதானமா அடிங்கக்கா."

அதைச் சொன்ன வாயை இன்று நினைத்தாலும் அவனுக்கு உடம்பு கூசுகிறது. அவளோ அவன் சொன்னபடியே உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். தவறு என்றது. பக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் அடித்தாள். அவசரத்தில் இந்தத் தடவை உண்மையாகவே தவறாக அடித்திருப்பாள்.

"நேத்து கூட இதைத்தானடா போட்டேன்" என்றாள். பிறகு மற்றவர்கள் காதில் விழாமல், "எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல பீரோ சாவியை எங்க வெச்சேன்னாங்க. அப்புறம் என் பேரே தெரியல" என்றாள்.

அவனுக்குத் தெரியாததா. அந்த அம்மாவைக் கோயிலுக்குக் கைத்தாங்கலாக அழைத்து வருபவனே அவன்தான். பெற்ற மகளைப் பார்த்து 'நீ யாரும்மா' என்று கேட்பதையும் கூடவே நின்று கேட்டிருக்கிறான். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான்? வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன. தன் வேலை போகாமல் இருக்க, அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் தனக்குப் புத்தி தவறுகிறது என்று நினைத்தால் நினைக்கட்டும் என்று நின்றான்.

"ஐயாகிட்ட மட்டும் சொல்லிடாதடா" என்றாள். "ஞாபகம் இல்லாதவளை வேலையில வெச்சுக்க மாட்டாரு."

"சொல்லலக்கா" என்றான். அந்த ஒரு வாக்கைத்தான் அவனால் தாராளமாகக் கொடுக்க முடிந்தது.

சுப்பராயலு வந்தார். உட்காரவில்லை. "நாளையிலிருந்து நீ வர வேணாம்மா. நேத்தே உன்னை உள்ள விடாம நிறுத்தச் சொல்லிட்டேன், இவன்தான் செஞ்சான்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அமலா திரும்பி சகாயராஜைப் பார்த்தாள். திட்டட்டும், அறையட்டும், எது வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் நின்றான்.

"அப்ப நான் அடிச்சதெல்லாம் சரிதானாடா?"

"சரிதான்க்கா."

"எனக்கு ஒண்ணும் மறக்கலியே?"

"இல்லக்கா."

அவள் நெஞ்சில் கையை வைத்து, "சேசுவே" என்று மூச்சை விட்டாள். வேலை போன அந்த நேரத்தில் அவள் முகம் அப்படித் தெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பயந்தே போயிட்டேன்டா" என்றாள், அவனிடமே.