பரிமளா அக்காவின் பச்சைப் பொட்டு

சென்ற செவ்வாய்க்கிழமை என் புத்திசாலித்தனம் முப்பத்தெட்டுப் பெட்டி நல்ல சாமானை அரைத்துத் தூளாக்கிவிட்டது!

செனாய் என்ற ஊரில் பாட்டில் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு நான் சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன். பெல்ட்டில் மூடிப் பெட்டிகள் வரிசையாக வரும். பக்கத்தில் ஒரு டச் ஸ்கிரீன். பெட்டியைப் பார்த்து 'ஓகே' அழுத்தினால் லாரிக்குப் போகும். 'ரிஜெக்ட்' அழுத்தினால் அரைவை மெஷினுக்கு.

இந்த ஸ்கிரீனைக் கொஞ்சம் புதுப்பிக்கச் சொன்னார்கள். நான் கொஞ்சத்தோடு நிற்பேனா? புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டன்கள் தாமாக இடம் மாறும்படி செய்தேன். எதை அதிகம் அழுத்துகிறார்களோ, அது பெரிதாகி முதல் இடத்துக்கு வந்துவிடும். ஏசி அறையில் உட்கார்ந்து பலமுறை சோதித்தேன். பிரமாதமாக வேலை செய்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

செவ்வாய் காலை ஷிப்டில் இருந்தவர் பரிமளா அக்கா. செடெனாக்கிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர், பதினோரு வருட அனுபவம். முதலில் வந்த மூடிகள் எல்லாம் கோணல். அக்கா ரிஜெக்ட், ரிஜெக்ட் என்று அழுத்தித் தள்ளினார். அச்சைச் சரிசெய்யப் பெல்ட்டைப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். மறுபடி ஓடியபோது வந்ததெல்லாம் அருமையான மூடிகள். ஆனால் அவையும் அரைவைக்கே போயின...

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். புரோகிராமின் பதிவைத் திறந்து காட்டினேன். முப்பத்தெட்டு முறையும் அக்கா அழுத்தியது ரிஜெக்ட். அப்படியானால் ஆள்மீதுதான் தவறு, வார்னிங் லெட்டர் அடிக்கச் சொல்கிறேன் என்றார். நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

பிறகுதான் லைனுக்குப் போனேன். அக்காவின் கண்கள் சிவந்திருந்தன.

"அலமாக், ஐயோ தம்பி! சத்தியமா நான் ஓகேதான் அழுத்துனேன். போன வருசம் பஸ் லேட்டாகி ஒரு லெட்டர் வாங்கிட்டேன். இன்னொண்ணு வந்தா அடுத்த மாசம் காண்ட்ராக்ட் நீட்ட மாட்டாங்க லா. இந்த வயசுல எனக்கு வேற யாரு வேலை கொடுப்பா?"

"ஸ்கிரீனைப் பார்க்கலையாக்கா?"

"ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டிருந்தா பெட்டிய யாரு பார்க்கிறது? அதுக்குத்தானே பொட்டு ஒட்டி வச்சிருக்கேன்!"

குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் இரண்டு ஸ்டிக்கர் பொட்டுகள். ஓகேக்குப் பச்சை, ரிஜெக்ட்டுக்குச் சிவப்பு. அக்காவின் கண் பெட்டியில் இருக்கும். விரல் தானாகப் பொட்டைத் தேடிப் போய் அழுத்தும்.

பெல்ட் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் என் புரோகிராம் சும்மா இருக்கவில்லை. 'ஓகோ, இவருக்கு ரிஜெக்ட்தான் அதிகம் தேவை' என்று கணக்குப் போட்டு, அதை முதல் இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. பட்டன் நகர்ந்தது. பொட்டு நகருமா? பச்சைக்கு அடியில் ரிஜெக்ட் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

இதில் ஒரு விஷயம். எந்தப் பட்டன் எப்போது எங்கே இருந்தது என்பதை நான் பதிவு செய்யவே இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும்தான், எதற்கு மறைக்க வேண்டும்? பிறகு மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்று மாலையே அந்த இரண்டு பட்டன்களையும் பொட்டுக்கு அடியில் அசையாமல் நிறுத்திவிட்டேன். ஓடுகிற புரோகிராமில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், அது நம் கையில். பழகிப்போன அடுத்தவர் விரலை எந்த உரிமையில் மாற்றுவது?

லெட்டர் என்ன ஆயிற்று என்கிறீர்களா? வந்தது. அடித்ததை வீணாக்க மனமில்லாமல், அக்கா பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தார்கள்!