சாம்பார் வருவதற்கு முன்

போன வாரம் எங்கள் கம்பெனி கேன்டீனில் சாம்பார் வரத் தாமதம். புதிதாகச் சேர்ந்தவர்கள் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். நாலு அடி... ஒரு இடைவெளி... மறுபடி நாலு அடி.

அப்பளத்தை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. அது நான் போட்ட தாளம்!

எதிரில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன், இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று.

"யாருக்குத் தெரியும் அண்ணாத்த? சாம்பார் லேட்டானா இதான் தட்டுவாங்க. நாங்க வர்றதுக்கு முன்னாடியே கீது."

குழந்தைகளே, உங்களிடம் இதுவரை சொல்லாத விஷயம். தொண்ணூறுகளில் நான் ஒரு ராக் பேண்டில் இருந்தேன் – சிரிக்காதீர்கள். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன கேசட்டுகளைக் கேட்டுக் கிறுக்குப் பிடித்த மூன்று பேர். நான் தாளம், பாபு கிட்டார், சேகர் பாட்டு. சினிமாப் பாட்டு கிடையாது, காதலும் கிடையாது. கம்பெனி பஸ், தூங்காத கண், ஒற்றை ஆள் தங்கும் அறை... இதெல்லாம்தான் பாட்டு.

ஒரே சிக்கல். மறைமலைநகரில் மூவருக்கும் இதே ஃபேக்டரி, ஆனால் வேறு வேறு ஷிஃப்ட். சேர்ந்து எப்படி வாசிப்பது?

நான் தாளத்தைப் பதிவு செய்து, ஷிஃப்ட் மாறும்போது கேட்டில் பாபுவிடம் கேசட்டைக் கொடுப்பேன். அவன் அதை ஓடவிட்டு, கூடவே கிட்டார் வாசித்து, இன்னொரு டேப்பில் பிடித்து சேகரிடம் கொடுப்பான். மூவரும் ஒன்றாக வாசித்தது ஒரே ஒரு ஆயுத பூஜையன்று, இதே கேன்டீனில் – மெஷின்களுக்குப் பொட்டு வைத்த கையோடு. சினிமாப் பாட்டு போடச் சொன்னார்கள். போடவில்லை.

பிறகு உங்களில் மூத்தவள் பிறந்தாள். பகல் வேலை மட்டும் உள்ள ஜெனரல் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர்களிடம் சொல்லவில்லை. கேட்டில் கேசட் மாறுவது நின்றது, பேண்டும் நின்றது. சண்டை எதுவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. நீங்களாவது, விலகும்போது சொல்லிவிட்டு விலகுங்கள்.

பாபு துபாய் போனவன்தான், தகவல் இல்லை. சேகர் இப்போது சிறுசேரியில் டாக்ஸி ஓட்டுகிறான். பல வருடம் கழித்து அன்று போன் செய்தேன். கேன்டீன் கதையைக் கேட்டு, தாளம் சாம்பாருக்கு ஆகிவிட்டதா என்று சிரித்தான். அப்புறம் கேட்டான்:

"நாலு அடிக்கு அப்பால கேப் வுடுறாங்களா?"

"வுடுறாங்க."

"அது நான் பாடுற எடம் மச்சான்."

சவாரி வந்துவிட்டது. வைத்துவிட்டான்.

மறுநாளும் சாம்பார் தாமதம். தட்டுகள் தொடங்கின. நாலு அடி முடிந்தது. சேகரின் வரியை நானாவது சன்னமாகப் பாடிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன்...

சாம்பார் வந்துவிட்டது.